லோரல் கோர்ட்டுக்கு ஹெலி வருகுது

வாங்கோ பிள்ளை, வாங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், இஞ்ச கூட்டுறவன் நான்தான். மொழிபெயர்க்க வந்தனீங்கள்தானே? அந்த ஹவுசிங் ஒபிஸ்காரி இன்னும் வரேல்லை. போன் பண்ணினவ, றோட்டில சனமாம். அந்தக் கதிரையில இருங்கோ. உது வேண்டாம், உதுக்குக் கால் ஆடும். ஓம், அது.

என்ன? அவ வரமுன்னம் நீங்கள் என்னோட தனியக் கதைக்கக் கூடாதோ? சட்டமோ? சரி, நீங்கள் கதையாதேங்கோ, நான் கதைக்கிறன். கேக்கிறதுக்குச் சட்டம் இல்லைத்தானே. அட, இந்த நாட்டில கேக்கிறதுக்கும் சட்டம் இருக்காம் பிள்ளை. அதாலதான் இண்டைக்கு உந்தக் கூட்டமே.

இந்தா, இதுதான் அந்தப் பெட்டி. ஸ்கேனர். தொட்டுப் பாருங்கோ, கடிக்காது. பாக்க வோக்கி டோக்கி மாதிரித்தான், ஆனால் இதால நாங்கள் கதைக்க ஏலாது, கேக்க மட்டும்தான். மேல பறக்கிற ஹெலிக்காரர் கீழ எயார்போட் ரவரோட கதைக்கிறதெல்லாம் இதில விழும். ஆம்புலன்ஸ் ஹெலி, பொலிஸ் ஹெலி, கடல்ல விழுந்த ஆக்களைத் தூக்கிற ஹெலி. இந்தக் கரையால எது போகுது, எங்க போகுது எண்டு இந்தக் கட்டடத்தில என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கு அவ வாறது இதைப் பறிக்க. பறிச்சுப்போட்டு, என்னை லோரல் கோர்ட்டில வைச்சிருக்கிறதோ வேற எங்கயும் தள்ளுறதோ எண்டும் சொல்லுவா. வயசு போன ஆக்களுக்கெண்டு கட்டின இடம் இது. இதிலயிருந்தும் தள்ளினால் அங்கால தள்ள இடமில்லை.

தகப்பன் எந்த ஊர்? சொல்லலாம் பிள்ளை, அது வேலைக் கதையில்லை. உரும்பிராயோ. நல்லது. நான் கண்டாவளைப் பக்கம். சங்கக்கடை மயிலர் எண்டு கேட்டால் அந்தப் பக்கத்தில கைக்குழந்தையும் வீட்டைக் காட்டும். இப்ப காட்டாது. இப்ப அங்க ஆர் இருக்கினம்.

சங்கக்கடை எண்டால் கூட்டுறவுக் கடை, அதில நான் மனேச்சர். அரிசி, சீனி, மண்ணெண்ணெய். ஆனால் சனம் என்னைத் தேடி வந்தது சீனிக்கு இல்லை. என்னட்டை ஒரு ரேடியோ இருந்தது, பெரிய பெட்டி, கண்ட கண்ட இடமெல்லாம் பிடிக்கும். சண்டை தொடங்கின காலம். ஒருநாள் செய்தி தேடித் திருகிக்கொண்டு போறன், திடீரெண்டு சிங்களத்தில ரெண்டு பேர் கதைக்கிறாங்கள். ஒருத்தன் சொல்லுறான் குளம் தெரியுதாம், கோயில் தெரியுதாம். எந்தக் குளம்? எங்கட குளம். நான் இளந்தாரியில குருநாகலில பேக்கரியில நிண்டவன், சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வெளியில ஓடிவந்து அண்ணாந்து பாக்கிறன், தலைக்கு மேல ஹெலி.

அண்டையில இருந்து அதுதான் என்ர வேலை. கடை வாசல்ல ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தூக்கினம். ஹெலி எங்கட பக்கம் திரும்புது எண்டு காதில விழுந்தால் அதில அடிப்பன். அடிச்சால் சனம் பங்கருக்குள்ள. உடன போகாதுகள். பொன்னுத்துரையர் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு நிப்பார். சின்னாச்சி அடுப்பில சோறு எண்டு நிப்பா. ஏசி ஏசித்தான் தள்ளுறது. பிறகு மேல இருந்து ஹெலிக்காரன் ரேடியோவில சொல்லுவான், கீழ ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டு. அந்தச் சொல்லைக் கேட்டாப் பிறகுதான் நான் இறங்குவன். எப்பவும் கடைசியா இறங்கினது நான்தான்.

றோட்டில கண்டால் சனம் கேக்கும், மயிலர், இண்டைக்கு எப்பிடி? கலியாணம் வைக்கிறவன் கேப்பான், பள்ளிக்கூட வாத்தியார் கேப்பார். அது கெட்ட காலம் பிள்ளை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னை ஆக்கள் தேடி வந்த காலம் அதுதான். இதை அந்த ஒபிஸ்காரிக்குச் சொல்லிப் போடாதேங்கோ, கிழவன் சண்டைக்கு ஆசைப்படுறான் எண்டு எழுதிப்போடுவா.

பிறகு மனுசியும் நானும் இந்த நாட்டுக்கு வந்தம். மகன் கூப்பிட்டவன். மனுசி இந்தக் குளிருக்கு மூண்டு வருசம் தாக்குப் பிடிச்சா, பேந்து போய்ச் சேந்திட்டா. மகன் பேர்மிங்காமில. லீவு கிடைச்சால் வருவான். நல்ல பெடியன், ஆனால் லீவு கிடைக்காது. அவன்தான் என்னை இந்த லோரல் கோர்ட்டில பதிஞ்சு விட்டவன். கடல் காத்து நல்லது அப்பா, உங்கட வயசுக்காரர் கனபேர் இருக்கினம் எண்டான். இருக்கினம். லிப்டில கண்டால் வெயிலைப் பற்றிச் சொல்லுவினம், நானும் வெயிலைப் பற்றிச் சொல்லுவன். வெயில் இல்லாத நாளில ரெண்டு பேருக்கும் கதை இல்லை.

வந்த புதுசில ஒருநாள், குப்பைப் பையோட வெளிநடையில போறன், கட்டடத்துக்கு மேலால ஹெலி ஒண்டு சரியான பதிவா, கூரையில முட்டுற மாதிரிப் போகுது. என்ர மூளைக்குத் தெரியும் பிள்ளை, இது இங்கிலாந்து எண்டு. காலுக்குத் தெரியேல்லை. குப்பைப் பையையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு சுவரோட குந்திப் போட்டன். எழும்பவும் ஏலேல்லை. அப்ப முன் வீட்டுக் கதவு திறந்தது. ஐரீன். அதுவரைக்கும் வெயில் கதைகூடக் கதைச்சதில்லை. அவ என்ன செய்தா தெரியுமே? ஒண்டும் கேக்கேல்லை. தானும் வந்து எனக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தா. அவவுக்கு எண்பது கிட்ட, முழங்கால் ரெண்டும் பழுது. பிறகு ரெண்டு பேரும் எழும்பினது ஒரு பெரிய கதை. ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு, விழுந்து, சிரிச்சு.

அடுத்தநாள் இந்தப் பெட்டியோட வந்தா. அவவின்ர மனுசன்ர பெட்டி. அந்தாளுக்கு உது ஒரு பொழுதுபோக்கு, செத்த பிறகு அலுமாரிக்குள்ள கிடந்ததாம். அவ சொன்னா, மைல், எங்க போகுதெண்டு தெரிஞ்சால் உமக்குப் பயம் வராது. மயில்வாகனம் எண்ட பேர் அவவின்ர வாயில மைல் எண்டு போச்சு. நானும் விட்டிட்டன்.

பேந்து பாருங்கோ பிள்ளை. ஒவ்வொரு நாளும் காலமை கதவில தட்டுவா. இண்டைக்கு மேல என்ன செய்தி, மைல்? நான் தேத்தண்ணி போட்டு வைச்சுட்டுச் சொல்லுவன். கடல்ல ஒரு வள்ளம் கவிண்டது, தூக்கப் போனவை. மோட்டர்வேயில காரும் லொறியும், ஆம்புலன்ஸ் ஹெலி போய் வந்தது. பொலிஸ் ஹெலி ஆரையோ தேடிச்சுது, கிடைக்கேல்லை. என்ர இங்கிலீசு அரைகுறை, ஆனால் அவவுக்கு விளங்கும். ஒருநாள் ரொட்டியும் சம்பலும் குடுத்தன். கண்ணால தண்ணி ஓட ஓடத் திண்டா, நல்லாயிருக்கு எண்டா, பொய். எனக்கு அந்தப் பொய் பிடிச்சது. இந்தக் குளிர்காலம் முழுக்க இப்பிடித்தான் போச்சு. சங்கக்கடையில இருந்த மாதிரி எண்டு நான் நினைச்சன். செய்தி கேக்க ஒரு ஆள் வருகுது, நான் சொல்லுறன்.

அதுக்குள்ள அவ ஒரு வேலை செய்தா. அதைத்தான் நான் சொல்ல வந்தனான். ஒரு வியாழக்கிழமை வந்து சொல்லுறா, மைல், வெளியில நல்ல வெயில், உந்தப் பெட்டியை ஒருநாளைக்கு நிப்பாட்டிப் போட்டு வாரும், கடற்கரையில இருந்து மீனும் சிப்ஸும் தின்னுவம். நான் சொன்னன், நான் வந்தால் ஆர் கேக்கிறது? அவ சிரிச்சா. சிரிச்சுப்போட்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னா:

"நான் ஹெலியைப் பற்றிக் கேக்க வாறேல்லை மைல். உம்மைப் பாக்கத்தான் வாறன்."

கேட்டீங்களே கதையை? இவ்வளவு நாளும் நான் காதைத் தீட்டிக் கேட்டுச் செய்தி சேத்து வைக்க, அவவுக்கு அது தேவையே இல்லையாம். சும்மா வந்து இருந்தவவாம். அப்ப என்னை என்ன, விசரன் எண்டு நினைச்சுத் தலையாட்டிக்கொண்டு இருந்தவவோ? எனக்கு அலுவல் இருக்கெண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டன். வெள்ளி அவ வரேல்லை. நானும் போகேல்லை. எனக்கும் ரோசம் இருக்குத்தானே பிள்ளை. படியால ஏறேக்கை இப்ப கொஞ்ச நாளா அவ நிண்டு நிண்டு மூச்சு வாங்கிறவ, நான் கண்டனான். அதைக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை.

சனி. காலமை இந்தப் பெட்டி சும்மா கரகரத்துக்கொண்டு கிடக்குது. அவவின்ர கதவு திறக்குதோ எண்டு ஒரு காது அங்க, ஒரு காது இஞ்ச. அப்ப ஆம்புலன்ஸ் ஹெலிக்காரன் ரவருக்குச் சொல்லுறான், தான் எங்க இறங்கப்போறன் எண்டு. லோரல் கோர்ட். பின்பக்கத்துப் புல்வெளி. லோரல் கோர்ட் எண்டு அவன் சொன்னதை நான் என்ர காதால கேட்டன் பிள்ளை.

நான் எழும்பிட்டன். ஆம்புலன்ஸ் எண்டு தெரியும், குண்டு போடாது எண்டும் தெரியும், என்னை அவ்வளவு மொக்கன் எண்டு நினையாதேங்கோ. ஆனால் ஊரின்ர பேர் காதில விழுந்தால் அடிக்க வேணும். அடிக்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அந்தப் புல்லில கிழவியள் நாய் கொண்டு உலாத்துவினம், ஹெலிக் காத்து வந்தால் ஆளையும் தூக்கும், நாயையும் தூக்கும். கட்டடத்தைப் பாக்கிற வோடன் லின்டாவுக்குச் சனி லீவு. வேற ஆர் சொல்லுறது? வெளிநடைச் சுவரில ஒரு சிவப்புப் பெட்டி இருக்கு, கண்ணாடி போட்டது, நெருப்புக்கு அடிக்கிறது. வந்த நாள் முதலாப் பாக்கிறன், ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை. ஊன்றுதடியால ஒரு குத்துக் குத்தினன்.

என்ன சத்தம் பிள்ளை. தண்டவாளம் பிச்சை வாங்க வேணும். ஒவ்வொரு கதவாத் திறக்குது. உடுப்பு மாத்தாமல் வருகினம், தள்ளுவண்டில் பிடிச்சுக்கொண்டு வருகினம், லிப்ட் நிண்டு போச்சு, படியால ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கொண்டு இறங்குகினம். வெள்ளைக்காரர் மணி அடிச்சால் கேள்வி கேளார். ஆடு எண்டும் நிக்கார், சோறு எண்டும் நிக்கார். நெருப்பெண்டால் இதில வந்து நில்லுங்கோ எண்டு எழுதி ஒரு போட் நட்டு வைச்சிருக்கு, அதில போய் வரிசையா நிண்டிட்டினம். அந்தப் போட் நிக்கிறது பின்பக்கத்துப் புல்வெளியில. ஓம். அந்தப் புல்வெளிதான்.

நான் என்ன செய்ய? போட்டை நட்டது நானே? விலத்துங்கோ, விலத்துங்கோ எண்டு சொல்லத்தான் வெளிக்கிட்டனான். ஆனால் எல்லாரும் என்னைச் சுத்தி வந்திட்டினம். கையில பெட்டி இருக்குத்தானே. என்ன நடந்தது, என்ன வருகுது, உமக்கு எப்பிடித் தெரியும்? வெயிலைத் தவிர ஒரு கதையும் கதைக்காத சனம் என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. நான் கையை மேல தூக்கிச் சொன்னன், ஹெலிகொப்டர் கமிங். சொல்லி வாய் மூடேல்லை, கடல் பக்கத்தால வந்திட்டுது. எல்லாரும் அண்ணாந்து பாத்துக் கை தட்டினம் பிள்ளை. எனக்கு ஒரு சந்தோசம் வந்தது, அதை உங்களுக்கு மறைக்க மாட்டன். அப்ப நான் சனத்துக்குள்ள ஒரு ஆளைத் தேடினன். ஐரீன் மட்டும் இறங்கி வரேல்லை. இன்னும் கோவம் எண்டு நினைச்சன். பாக்கட்டும், யன்னலால பாக்கட்டும், என்ர செய்தி தேவையோ தேவையில்லையோ எண்டு இப்ப விளங்கட்டும் எண்டு நினைச்சன்.

ஹெலி மேல நிக்குது, இறங்கேல்லை. சுத்துது, திரும்ப வந்து நிக்குது. அப்ப கையில இருந்த பெட்டிக்குள்ளால பைலட் சொல்லுறான். இறங்கிற இடம் முழுக்க ஆக்கள், இறங்க ஏலாது, பள்ளிக்கூட மைதானத்துக்குப் போறன். ஆக்கள் நிக்கினம் எண்டு சொன்னான் பிள்ளை. ஊரில ஒருநாளும் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. கேக்காமல் இருக்கத்தான் அவ்வளவு பாடும் பட்டது. எனக்கு விளங்கினது. ஆனால் உள்ளுக்கு இறங்கேல்லை.

பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அங்கால. பெரிய தூரமில்லை. ஹெலியால இறங்கினவை இளம் ஆக்கள், ஓடித்தான் வந்தவை, பையளும் தூக்கிக்கொண்டு. லிப்ட் வேலை செய்யேல்லை, படியால ஏறினவை. லின்டா இப்ப எனக்கு நிமிசக் கணக்குச் சொல்லுறா. ஐரீன் சிவப்புக் கயிறை இழுத்தது இத்தினைக்காம், இவை மேல போய்ச் சேந்தது இத்தினைக்காம். அந்தக் கயிறு எல்லா வீட்டிலயும் தொங்குது, ஏலாமல் வந்தால் இழுக்க. முன் வீட்டுக் கயிறு. என்னை விட்டிட்டுக் கயிறை இழுத்திருக்கிறா. தட்டியிருந்தால் நான் திறந்திருப்பன்தானே? வியாழக்கிழமை சாத்தினது சாத்தினதுதான், ஆனால் தட்டினால் திறவாமல் விடுவனே?

அவவை இறக்கிக் கொண்டு வந்தவை. முகத்தை மூடி மாஸ்க். கை ஒண்டு வெளியில தொங்கினது. கிட்டப் போனன், விடேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சன், நீர் சொந்தமோ எண்டு கேட்டினம். இல்லை எண்டன். அப்ப சொல்ல ஏலாதாம். லின்டாவைக் கேட்டன், அவவும் அப்பிடித்தான். மகனைக் கேட்டுச் சொல்லச் சொன்னன், அவன் என்னைத்தான் ஏசினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாப் போச்சு அப்பா எண்டான். போனை வைச்சிட்டன்.

முந்தநாள் ஐரீன்ர மகள் வந்தவ, ரெண்டு பெடியங்களோட, பெட்டி பெட்டியாச் சாமான் இறக்கினவை. ஆஸ்பத்திரியில கனநாள் வைச்சிருக்கப் போகினம் போல, அதுக்குத்தான் சாமான் கொண்டு போகினம் எண்டு நினைச்சன். உடுப்பு, படங்கள். திரைச்சீலையும் கழட்டினவை. ஆஸ்பத்திரிக்கு ஏன் திரைச்சீலை எண்டு பாக்கிறீங்கள் என்ன? எனக்கும் தெரியாது. சில ஆஸ்பத்திரியில இல்லாமல் இருக்கும். மகள் என்னைக் கண்டவ. நான் வணக்கம் சொன்னன். அவ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியால இறங்கிட்டா, லிப்ட் இருக்க.

நான் காலமையில இப்பவும் ரெண்டு கோப்பை போடுறன். கை தானாப் போடுது. பிறகு ரெண்டையும் நானே குடிக்கிறன். சரியான தனிமை பிள்ளை. மனுசி செத்தபோதும் இப்பிடி இருக்கேல்லை, அப்ப ஆரின்ர கோவமும் மிச்சம் இருக்கேல்லை.

இந்தா, கீழ மணி அடிக்குது. ஒபிஸ்காரிதான். இருங்கோ, பட்டனை அமத்துறன். லிப்டில வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பிள்ளை, இஞ்ச பாருங்கோ. பெட்டியைக் கேட்டால் குடுப்பன், சண்டை பிடிக்க மாட்டன். வேற இடத்துக்குப் போ எண்டால் அதையும் சொல்லுங்கோ, போறன். நீங்கள் ஒரு சொல்லும் விடாமல் சொல்ல வேணும் எண்டு உங்களுக்குச் சட்டம் இருக்கும், நான் உங்கட வேலையைக் கெடுக்க மாட்டன். ஆனால் அவ ஐரீன்ர பேரை எடுத்தால், அந்த இடத்தை மட்டும் தமிழில சொல்லாதேங்கோ. இங்கிலீசில சொன்னால் எனக்கு விளங்காத மாதிரி இருந்திடலாம். தமிழில சொன்னால் நான் என்ன செய்வன்?

தட்டுறா. போய்த் திறவுங்கோ பிள்ளை.